இருபத்து நாலாம் குழி

அடைக்கலத்துக்கு வலது தோள் கழன்று தொங்குவது போலிருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் கழுத்தடியில் யாரோ ஆணி வைத்து அடித்தார்கள். முப்பது வருஷம் கடப்பாரை பிடித்த தோள். பாறைக்கே மசியாதது நாலு நாளில் ஒரு மனுஷனிடம் தோற்றுப்போயிற்று.

அந்த மனுஷன் மதலைமுத்து. எண்பத்தாறு கிலோ. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரட்டிப் போட வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகும். புண்ணை விட்டால் எலும்பு வரை இறங்கும். மூன்று வருஷமாக அந்த வேலையைக் கட்டில் பார்த்தது. மோட்டார் வைத்த கட்டில், தானாகச் சாயும், தானாக நிமிரும். வியாழக்கிழமை சாயங்காலம் இடி இறங்கியதில் அது கரிக்கட்டையாகிவிட்டது.

"மெதுவாய்யா. மனுஷனப் புரட்டுறியா, நெல்லு மூட்டையப் புரட்டுறியா?" என்றான் மதலைமுத்து, முகம் தலையணையில் அழுந்தியபடி.

"மூட்டைன்னா எறக்குக்கூலி உண்டு மாப்ளே. வாயும் பேசாது."

"வாய் ஒண்ணுதான்யா எனக்கு வேலை செய்யுது. அதையும் மூடச் சொல்றியா?"

அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா குனிந்து முதுகைப் பார்த்தாள். வில்லாக்களில் சமையல் வேலை பார்க்கிறவள். நாலு நாளாக லீவு போட்டுவிட்டு இவனோடு கிடக்கிறாள். வால் எலும்புக்கு மேலே விரலால் அழுத்தினாள். சிவப்பு கலையவில்லை.

"அண்ணே, இங்க பாருங்க. நேத்து புளியங்கொட்டை அளவு இருந்துச்சு. இன்னைக்கு எலுமிச்சங்காய் கணக்கா இருக்கு. தோல் உடைஞ்சா நேரா ஆஸ்பத்திரின்னு நர்சம்மா சொல்லிருச்சு. இழுக்காதீங்க, உரசாதீங்கங்குது. எண்பத்தாறு கிலோவ உரசாம எப்படிண்ணே புரட்டுறது?"

அடைக்கலம் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வெளியே வந்தான்.

விராலிமலைக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஆடுகூட மேயாத பொட்டலில் கட்டிய நகர் அது. முன்னால் இருநூற்றுப் பதினாறு வில்லா. பின்னால், குப்பை அரைக்கிற கொட்டகையைத் தாண்டி, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இருபத்து நாலு ஒற்றை அறை வீடுகள். அதற்குப் பெயர் வரிசை. கதவு, குழாய், விசிறி, விளக்கு, அடுப்பு எல்லாம் ஒரே இயந்திரத்தின் கையில். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. வரிசைக்காரர்கள் அதை மணியம் என்றார்கள். ஊர்க்காரியம் எல்லாவற்றையும் பார்க்கும்; யாரைக் கேட்டுப் பார்க்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மதலைமுத்து அந்த நகரின் கிளப் கட்டடத்துக்குப் பூசு வேலை செய்தபோது மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவன். கம்பெனி கொடுத்த நஷ்ட ஈடுதான் அந்தக் கடைசி வீடும் அந்தக் கட்டிலும்.

வியாழக்கிழமை இடி இறங்கியபோது கட்டில் பாதி சாய்ந்த நிலையில் நின்றுவிட்டது. கதவுப் பூட்டும், மணியத்தோடு பேசுகிற சுவர்ப் பலகையும் செத்துவிட்டன. ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்து கத்தி, வரிசையிலேயே இருக்கிற அடைக்கலம் கடப்பாரையால் கதவை நெம்பித் திறக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை மதலைமுத்து கட்டில் கம்பியில் முகம் நசுங்கிக் கிடந்தான். "வந்துட்டியாய்யா? கம்பி என்ன ருசின்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றுதான் முதல் வார்த்தை சொன்னான்.

அன்றிலிருந்து அடைக்கலம் புகார் கொடுத்துக்கொண்டேயிருந்தான். போனில் மணியத்தின் பெண்குரல் வந்தது.

"வணக்கம். வீட்டு உபகரணப் பழுதுக்கு, உங்கள் வீட்டுச் சுவர்ப் பலகையிலிருந்து பேசவும்."

"பலகைதாம்மா எரிஞ்சு போச்சு."

"பலகை எரிந்திருந்தால், பலகையில் 'ஆம்' என்பதைத் தொடவும்."

"எரிஞ்ச பலகையில எப்படித் தொடுறது?"

"மன்னிக்கவும். நீங்கள் பலகையிலிருந்து பேசவில்லை."

பதினொரு தடவை. பன்னிரண்டாம் தடவை அவன் சொன்ன வார்த்தைக்கு, "தகாத சொல் பதிவு செய்யப்பட்டது" என்று பதில் வந்தது. அதைமட்டும் பலகை இல்லாமலே பதிவு செய்துகொண்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பராமரிப்பு ஆபீசுக்கு நேரே நடந்தான். இஞ்சினியர் பிரணவ் அங்கே தனியாக உட்கார்ந்து டப்பாவில் எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தான். இருபத்தெட்டு வயசிருக்கும். தூக்கம் பார்க்காத கண்.

"உக்காருங்கண்ணா."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. கட்டில் எப்ப வரும்?"

"இன்சூரன்ஸ்ல போட்டிருக்கேன். இயற்கைச் சேதம்னு ரிப்போர்ட் போகுது. பத்து நாள்ல புதுசு வந்து இறங்கிரும்."

"பத்து நாள்ல அவன் முதுகுல எலும்பு தெரியும். அதென்ன சார் இயற்கை? போன வருஷம் அவன் வீட்டுப் பலகை எரிஞ்சுது. சித்திரையில விசிறி. இப்பக் கட்டிலும் பூட்டும், மறுபடி பலகையும். ஒட்டுனாப்புல இருக்கிற பக்கத்து வீட்டுல ஒரு பல்புகூடப் போகல. இடிக்கு அவன் மேல மட்டும் என்ன கொழுந்தன் முறையா?"

பிரணவ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான் அடைக்கலம். "மணியம் மடை மாத்துது. இந்த நகர்ல ஓடுற செம்புப் பட்டை பூரா நான் இழுத்தது. இடிய மண்ணுக்குள்ள எறக்குற ஒவ்வொரு எர்த் குழியும் நான் நின்னு வெட்டுன குழி. எதுல எப்ப மடை தொறந்துச்சுன்னு பதிவு இருக்கும்ல? அதக் காட்டுங்க. காட்டுறவரைக்கும் நான் போறதா இல்ல."

பிரணவ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மேகம் வர்றது அரை மணி முன்னாடியே மணியத்துக்குத் தெரியும்ணா. மின்னலை நிறுத்த முடியாது. வந்தா எந்த வழியா இறங்கணும்னு முன்னாடியே மடை வைக்கலாம். முன்னெல்லாம் ஒரு மழைக்கு இருபது வில்லாவுல எல்லாம் கருகும். டிவி, பிரிட்ஜ், பூட்டு, கேமரா, ஒண்ணு மிஞ்சாது. இப்ப வர்றது எல்லாத்தையும் ஒரே குழிக்கு அனுப்பிருது."

"அந்த ஒரு குழிக்காரன் எரிஞ்சு போகணும். அப்படித்தான?"

"இல்லண்ணா. நல்ல குழியா இருந்தா ஒண்ணும் ஆகாது, பூமி வாங்கிக்கும். வாங்கலைன்னாத்தான் பட்டை வழியா எகிறி வீட்டுக்குள்ள வரும். அதனாலதான் இருக்கிறதுலயே நல்ல குழியாப் பார்த்து மணியம் எடுக்குது."

"எது நல்ல குழின்னு அதுக்கு யார் சொன்னா?"

பிரணவ் திரையை அவன் பக்கம் திருப்பினான். குழி எண்: வரிசை இருபத்து நாலு, மதலைமுத்து வீட்டுக்குப் பின்னால் இருப்பது. ரீடிங் பாயிண்ட் ஆறு; இந்த எண் குறையக் குறையக் குழி நல்ல குழி. பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு மூன்று கைரேகை.

"நீங்கதாண்ணா."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. அடைக்கலம் உட்காரக் கூடாது என்று வந்தவன், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

எர்த் குழி என்றால் பத்தடி. அடியில் செம்புத் தகடு, மேலே கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மண்ணைத் தள்ளி, தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். வில்லாக்களுக்கெல்லாம் அப்படித்தான் செய்தான். பாறை வந்த இடத்தில் உடைக்கிற மிஷின் கொடுத்தார்கள், மேஸ்திரி கூடவே நின்றான், அதிகாரி இஞ்ச் டேப்போடு வந்தான். வரிசைக்கு வந்தபோது கடைசிக் குழியில் மூன்றரை அடியில் கருங்கல். மிஷின் கேட்டான். "வரிசைக்கு எதுக்குய்யா மிஷின்? கடப்பாரை இருக்குல்ல?" என்றான் மேஸ்திரி. மூன்று நாள் அடித்தான். தீப்பொறி வந்தது, அடி வரவில்லை. இதற்கிடையில் இருபத்து நாலு குடும்பமும் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தது. ஒரு குழி பாஸாகாவிட்டால் யாருக்கும் சாவி கிடையாது என்றார்கள்.

தொழிலில் எல்லோரும் செய்கிறதை அவனும் செய்தான். சோதனைக்கு வருகிற அன்று விடியற்காலையில் இரண்டு சிப்பம் கல்லுப்பைக் கரைத்து எட்டுக் குடம் ஊற்றினான். ஈரம் காய்வதற்குள் மீட்டர் வைத்தார்கள். முள் அசைய மறுத்தது. பாயிண்ட் ஆறு. அதிகாரியே தோளில் தட்டிக்கொடுத்தான். பிறகு அந்தக் குழிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார்கள். வருஷாவருஷம் சித்திரையில் ரீடிங் எடுக்க வேண்டும். வருஷாவருஷம் அவன் எட்டுக் குடம் ஊற்றினான். அவன் அறிந்தவரை ரீடிங் என்பது அதிகாரிக்காக எழுதுகிற ஒரு எண். எழுதுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கட்டிப் பரணில் போடுவார்கள். முப்பது வருஷத்தில் அந்த எண்ணை நம்பி ஒருத்தன் ஒரு காரியம் செய்து அவன் பார்த்ததில்லை. மணியம் நம்பியது.

உண்மையாக வெட்டின குழியெல்லாம் இரண்டு, இரண்டரை என்று காட்டியது. பொய்க் குழி பாயிண்ட் ஆறு காட்டியது. நகர் மேல் விழுந்த ஒவ்வொரு இடியும் மூன்றரை அடிப் பள்ளத்தைத் தேடி ஓடி, கருங்கல்லில் முட்டி, திரும்பி மதலைமுத்து வீட்டுக்குள் போனது.

"சார்" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "அது சரியான ரீடிங் இல்ல."

"தெரியும்ணா."

"என்னா தெரியும்?"

"கருங்கல்லுல பாயிண்ட் ஆறு வராது. படிச்சவனுக்கு இது தெரியாதா? நான் வேலைக்கு வந்த ரெண்டாவது மாசமே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

பிரணவ் சாத டப்பாவை மூடினான். மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்தினான்.

"அந்தக் குழியத் தள்ளிட்டா, அடுத்த நல்ல குழி வில்லா நூத்திப் பதினேழுல. வில்லாக்காரங்க சங்கத் தலைவர் வீடு. உங்க வீட்டுப் பக்கம்தான் சார் இனிமே இடி இறங்கும்னு நான் போய்ச் சொல்லவா? மறுநாள் நான் இருப்பேனா இங்க? பாயிண்ட் ஆறுன்னு கைரேகையோட இருக்கு. மணியம் ஒத்துக்கிட்டிருக்கு. நான் ஏண்ணா கேக்கணும்?"

அடைக்கலத்துக்குக் கையை ஓங்கத் தோன்றியது. தோள் ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைத்திருந்தாலும் யாரை முதலில் அடிப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை.

திரையின் மூலையில் மணப்பாறைப் பக்கமிருந்து ஒரு கருப்புத் திட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கீழே நேரம் போட்டிருந்தது: மூன்று மணி.

"இன்னைக்கும் மடை இருபத்து நாலுலதான?"

"ஆமா. ஆனா அங்க எரியறதுக்கு இனிமே என்ன..." என்று ஆரம்பித்த பிரணவ் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

"மனுஷன் இருக்கான்யா."

 பிறகு பிரணவ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்:

"கேளுங்கண்ணா. நீங்கதான் பொறுப்பாளி, எப்ப வேணும்னாலும் புது ரீடிங் போடலாம். போட்ட நிமிஷம் மணியம் மடைய மாத்திரும். ஆனா பாயிண்ட் ஆறுலேர்ந்து ஒரே தாவா நாப்பதுக்குத் தாவினா இன்சூரன்ஸ்காரன் சும்மா இருப்பானா? இயற்கைச் சேதம் இல்ல, ஆள் செஞ்ச பொய்யினால வந்த சேதம்னு எழுதுவான். கட்டில் வராது. உங்க வேலையும் போகும். பத்து நாள் பொறுங்க. கட்டில் வந்து இறங்கட்டும். பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து கமுக்கமா அந்த எண்ணை ஏத்திரலாம்."

"பட்டைய அறுத்துட்டா?"

"உங்க மூஞ்சியோட கேமராவுல வரும். அதே கதைதான்."

"புரட்டாசி சார் இது. தெனம் மூணு மணிக்கு இடிக்குது. பத்து நாளும் அவன அந்த ரூம்லயே போட்டு வைக்கவா? தூக்கி வேற எடத்துல போடலாம்னா தோல் கிழிஞ்சிரும்ங்குது நர்சு."

"விழுந்தாத்தானண்ணா. விழாமயும் போகலாம்."

"நீங்க அங்க வந்து படுக்கிறீங்களா, பத்து நாளைக்கு?"

 அலமாரியிலிருந்த மீட்டர் பெட்டியை அடைக்கலமே எடுத்துக்கொண்டான். பிரணவ் தடுக்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "நல்லா யோசிச்சுக்கங்க. நான் எதுவும் சொல்லலை, நீங்க எதுவும் கேக்கலை" என்றான். அவனுக்கும் அம்மா அப்பா இருப்பார்கள், மாசம் பிறந்தால் கட்ட வேண்டியது இருக்கும். அடைக்கலம் அதை நினைத்துப் பார்த்தான். நினைத்தும் ஆத்திரம் குறையவில்லை.

வெயில் இன்னும் இருந்தது. வரிசையின் கடைசி வீட்டுக்குப் பின்னால், நாலடிக்கு நாலடி சிமென்ட் மூடியைத் தள்ளினான். உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சித்திரையில் ஊற்றிய உப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மதலைமுத்து ஏதோ சொல்ல, ஸ்டெல்லா சிரிப்பது கேட்டது. நாலு நாளில் அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறான்.

அவனைக் கேட்டுவிட்டுச் செய்யலாமா என்று ஒரு யோசனை வந்தது. கேட்டால் மதலைமுத்து என்ன சொல்வான்? கட்டில்தான் வேண்டும் என்பான். பத்து நாள்தானே, இடி எனக்குப் பழக்கம் என்பான். அவன் தலையில் அந்த முடிவையும் தூக்கி வைக்க அடைக்கலத்துக்குப் பிடிக்கவில்லை. அல்லது, கேட்டால் குழிக் கதையைச் சொல்ல வேண்டி வரும் என்று பயந்தானோ. இரண்டும் இருந்தது. எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது.

மீட்டரின் முளைகளை மண்ணில் அடித்தான். ஒயரை மாட்டினான். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

நாற்பத்திரண்டு.

மீட்டரின் கண்ணாடியில் பெருவிரலை வைத்து அழுத்தினான். பெண்குரல் வந்தது. "நன்றி. மடை மாற்றப்பட்டது. முந்தைய பதிவுகளில் முரண் காணப்படுகிறது. மேலிடத்துக்கு அறிவிக்கப்படுகிறது."

இதற்கு மணியம் பலகை கேட்கவில்லை.

மூன்று மணிக்குச் சொன்னபடி வந்தது. மழைக்கு முன்னால் இடி. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கடைசி வீட்டைப் பார்த்தபடி வாசலில் நின்றார்கள். ஒரு வெளிச்சம், அடுத்த நொடியே காது அடைத்தது. கிளப் கட்டடத்து இடிதாங்கியில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தார்கள். வரிசையில் ஒரு விளக்குக்கூட அணையவில்லை. யாரோ விசில் அடித்தார்கள்.

பத்து நிமிஷத்தில் பிரணவ் போன் பண்ணினான்.

"அண்ணா, நூத்திப் பதினேழுல..."

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணா. ஒரு விளக்கு சிமிட்டிச்சாம், அவ்ளோதான். தலைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

அடைக்கலம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். அது அவன் வெட்டிய குழி. பத்தடி, மிஷின் வைத்து உடைத்தது, கரியும் உப்பும் ஒரு சாண் பிசகாமல் போட்டது. வானத்திலிருந்து வந்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் கிடக்கிறது. மூன்று வருஷமும் வாங்கியிருக்கும். யாரும் அதை வாங்கச் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் புரட்டப் போனான்.

"அண்ணே, இன்னைக்கு நம்ம பக்கம் ஒண்ணும் ஆகல பாத்தீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. முகத்தில் வெளிச்சம் இருந்தது. "மாதா காப்பாத்திட்டா. ஆபீசுக்குப் போனீங்களே, கட்டிலுக்கு என்ன சொன்னாங்க?"

முதலில் அவனைப் புரட்டினார்கள். மதலைமுத்து சுவர் பக்கம் பார்த்துப் படுத்தான். முட்டுக்குத் தலையணை வைத்தார்கள். அதற்குப் பிறகு அடைக்கலம் நின்றபடியே சொன்னான். மூன்றரை அடி, கருங்கல், எட்டுக் குடம், பாயிண்ட் ஆறு, நாற்பத்திரண்டு. எதையும் விடவில்லை. மேஸ்திரி மிஷின் தராததைச் சொன்னான். சொன்னபோதே அது சாக்கு மாதிரிக் கேட்டது, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஸ்டெல்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணிய நான்தானண்ணே மோந்து குடுத்தேன்" என்றாள். "ஒவ்வொரு சித்திரையும் வந்து நிப்பீங்க. எங்க குழாயிலதான் புடிச்சீங்க. குழி குளிரட்டும் தாயி, உங்களுக்குத்தான் நல்லதுன்னீங்க. நானும் குடம் குடமாத் தூக்கி..."  வாசலைக் காட்டினாள். "போயிருங்க."

அடைக்கலம் நகர்ந்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மதலைமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"வேலை போயிருச்சா?"

"நாளைக்குக் கடுதாசி வரும்."

"கட்டிலு?"

"வராது."

மழை வந்துவிட்டது. கூரைத் தகட்டில் சடசடவென்று விழுந்தது.

"ஒண்ணரை மணி நேரம் கம்பியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்யா" என்றான் மதலைமுத்து. பிறகு, "அவ சொல்றதுதான் சரி. போ. உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல."

அடைக்கலம் வாசல்படியில் கால் வைத்தான்.

"ஆறு மணிக்கு வந்துரு" என்றான் மதலைமுத்து. "கோவம் வேற, முதுகு வேற."

ஸ்டெல்லா திரும்பிக்கொண்டாள். அடைக்கலம் மழையில் இறங்கி நடந்தான். ஆறு மணிக்கு வந்தான், புரட்டினான், ஒரு வார்த்தை பேசாமல் போனான். எட்டு மணிக்கும் வந்தான். மறுநாள் கடுதாசி வந்தது, அன்றும் வந்தான். புரட்டுகிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அடைக்கலம் மதலைமுத்துவுக்குத் தர வேண்டியது ஒரு கட்டில். இன்னும் தரவில்லை.